சாரப்பலகை

செப்டம்பர் 18
வாசலை ஒட்டி வடிகாலுக்குத் தோண்டிவிட்டார்கள். அகலம் நாலடி, ஆழம் ஆளுயரம். தாண்டிப் போக வீட்டுக்கு ஒரு சாரப்பலகை, ஒன்பது அங்குல அகலத்தில். மாமி தடியை ஊன்றிக்கொண்டு கேட் வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

செப்டம்பர் 19
தடியோடு நடப்பவருக்கு இரண்டு பாதம், தடி நுனி எல்லாம் சேர்த்து அரை மீட்டராவது வேண்டும். பலகையின் அகலம் 23 செ.மீ. தடியை எங்கே ஊன்றுவது? அதோடு நடுவில் தொய்கிறது. வயது ஏற ஏறப் பாதத்தில் உணர்வு மங்கும், அந்தக் குறையைக் கண்தான் ஈடுகட்டும். மாமி போட்டிருப்பதோ இரட்டைப் பார்வைக் கண்ணாடி. அடிப்பகுதி படிக்கிற தூரத்துக்கானது. காலடியைப் பார்த்தால் பலகையின் ஓரமே கலங்கித் தெரியும். வெளியே நடக்க மட்டும் தூரப் பார்வைக்கென்று தனிக் கண்ணாடி இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

செப்டம்பர் 22
இன்று அளந்தது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது: 30 விநாடியில் 11 முறை. நான்கு மீட்டர் நடை: 5 விநாடி. மாமிக்கு 78 வயது. அந்த வயதுப் பெண்களுக்கு 10-க்குக் கீழே போனால்தான் குறைவு என்று கணக்கு. வலது முட்டித் தேய்மானம் பழையது, புதிதாக ஒன்றுமில்லை.
கால் சரியாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 24
கொலு. எதிர்வீட்டுச் சுண்டல் பொட்டலமாக வந்து சேர்ந்தது.

செப்டம்பர் 27
மாமியின் பழைய தடத்தைக் கேட்டு எழுதிக்கொண்டது. பிள்ளையார் கோயில் மேடை, அங்கே ஒரு உட்காரல். அடுத்து மருந்துக்கடை ஸ்டூல். பிறகு காய்கறி, அயோத்தியா மண்டபம், திரும்பி வரும்போது மறுபடி அதே ஸ்டூல். ஓர் உட்காரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே 150 மீட்டருக்கு மேல் இல்லை. வலிக்கிற முட்டிக்குத் தூரம் என்பது மொத்தக் கிலோமீட்டர் இல்லை, அடுத்து உட்காரக் கிடைக்கிற இடம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்குப் போகும் ஆகாய நடைபாதை 570 மீட்டர். லிஃப்ட் இருக்கிறது. மாமியின் வேகத்துக்கு நிற்காமல் நடந்தாலே 12 நிமிடம்.
இன்னொன்று, யாரும் கேட்காமல் அவர் சொல்வதில்லை. நீர் மாத்திரை. காலையில் போட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கழிப்பறைப் பக்கமே இருக்க வேண்டும். வழியில் உருப்படியான கழிப்பறை இல்லை. அதனால் வெளியே போகிற நாளில் மாத்திரையையே விட்டுவிடுகிறார், இல்லாவிட்டால் தண்ணீர் குடிப்பதில்லை. இரண்டும் தலைசுற்றலிலோ வீக்கத்திலோ கொண்டுபோய் விடும். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும், தானாக மாற்றக் கூடாது.

அக்டோபர் 1
“நீங்க ஏம்மா அலையணும், எல்லாம் போன்லயே வந்துடும்” என்கிறார் மருமகள். நல்ல மனசுதான். காய் வருகிறது, மாத்திரை வருகிறது, பூ கூட வருகிறது. மாமிக்கு மிச்சம் இருப்பது டிவி ரிமோட்.
முதுமையை ஆராய்ந்த லாட்டனும் நாஹெமோவும் 1973-இல் எழுதியதன் சாரம்: ஒருவரின் இயலுமை குறையக் குறையச் சூழல் அவர்மேல் செலுத்தும் பிடி இறுகும். பக்கத்து வீட்டுப் பையன் அதே பள்ளத்தைப் போன் பேசிக்கொண்டே தாண்டுகிறான். இந்தப் பாதியை எல்லோரும் சொல்வார்கள். மறு பாதியைச் சொல்வதில்லை: சூழல் ஒன்றுமே கேட்காமல் போனாலும் ஆள் தளர்ந்துவிடுவார். பள்ளம் ஒரு பக்கமும் பரிவு இன்னொரு பக்கமுமாக மாமியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மருமகளிடம் இதை எப்படிச் சொல்வது? காய் மட்டும் போனில் வேண்டாம், வாசலுக்கு வரும் தள்ளுவண்டியில் மாமியே பேரம் பேசட்டும் என்று ஆரம்பிக்கலாம்.

அக்டோபர் 6
பலகைக்கு வழி. மூன்று பலகையை ஒட்டி வைத்தால் 27 அங்குலம். அடியில் குறுக்கே மூன்று இடத்தில் ரீப்பர் கட்டை அடித்துப் பிணைத்தால் ஒன்று தொய்ந்து மற்றது நிற்கிற ஆபத்து போகும். இரு முனையும் கரையில் ஒரு முழமாவது ஏறியிருக்க வேண்டும், புதுமண் சரியும். முனையில் பலகையின் கனம் படியாகத் துருத்தாமல் மண்ணைச் சரிவாகக் கெட்டிக்க வேண்டும். காலைத் தேய்த்து நடப்பவர் ஓரங்குலப் படியில்தான் தடுக்குவார். கைப்பிடிக்குச் சவுக்குக் கம்பு, 85 செ.மீ. உயரத்தில், கட்டுக்கம்பியின் நுனியைக் கையில் கீறாதபடி மடக்கி. வேலை பார்க்கிற பையன்கள் சாயங்காலத்துக்குள் செய்துகொடுத்துவிட்டார்கள். கேட்டால் செய்கிறார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை.

அக்டோபர் 7
கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். முட்டி வலி வலதில் என்பதால் தடி இடது கையில், போகும்போது கம்பு வலது கைக்குச் சரியாக இருக்கிறது. வரும்போது அதே கம்பு இடப்பக்கம் ஆகிவிடும்! தடியை வைத்துக்கொண்டு எதைப் பிடிப்பார்? இன்னொரு கம்பு வேண்டும்.

அக்டோபர் 9
இரண்டாவது கம்பு வந்தது. மாமி மருந்துக்கடை வரை. ஸ்டூலைக் காணோம், அங்கே தண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறது.

அக்டோபர் 13
பெரிய ரோடு, சுமார் 14 மீட்டர். சிக்னல் கணக்கில் வழக்கமாக எடுப்பது விநாடிக்கு 1.2 மீட்டர் நடை, அதாவது 12 விநாடி. மாமியின் 0.8-க்கு 17 விநாடிக்கு மேல். ரோட்டுக்கு நடுவே நிற்க ஒரு திட்டு இருந்தால் போதும், இரண்டு ஏழு மீட்டராகக் கடந்துவிடுவார்.

அக்டோபர் 17
மழை. பலகைமேல் சாக்கு விரித்து வைத்திருந்தார்கள் யாரோ. காய்ந்த சாக்கு பிடிக்கும், சேறு ஏறிய சாக்கு சோப்பு. எடுத்துப் போட்டுவிட்டுக் கோழிவலையை இழுத்து ஆணியடிக்கச் சொன்னது. ஓரங்களை அடியில் மடித்து.

அக்டோபர் 20
தீபாவளி. பள்ளம் நிறையத் தண்ணீர், அதில் பட்டாசுக் காகிதம். மாமி வெளியே வரவில்லை.

அக்டோபர் 24
நாற்காலி: 8. நான்கு மீட்டர்: 6.2 விநாடி.
முட்டி அதே முட்டி.

அக்டோபர் 30
வடிகாலை மூடிச் சிலாப் போட்டாயிற்று. வீட்டுத் தரையைவிட 20 செ.மீ. மேலே! பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே எழுதினார். இந்தத் தெரு அதற்கு முன்பே மேலே மேலே போட்டு ஏறிவிட்டது, வடிகாலும் அந்த மட்டத்துக்கே வந்து நிற்கிறது.
சாய்தளம் கட்டித் தருகிறேன் என்கிறார் மேஸ்திரி. ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கில் 20 செ.மீ. ஏற 2.4 மீட்டர் நீளம் வேண்டும். கேட்டுக்கும் வீட்டுப் படிக்கும் நடுவே இருப்பது 90 செ.மீ. அதில் சாய்தளம் போட்டால் மாமிக்கு இறங்குவதே தண்டனை, வலிக்கிற முட்டி செங்குத்துச் சரிவில் உடம்பை இழுத்துப் பிடிக்க வேண்டும். பதிலாக நடுவில் ஒரே ஒரு படி, 10 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம், விளிம்பில் மஞ்சள் பட்டை. இரு பக்கமும் குழாய்க் கைப்பிடி. ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது. சக்கர நாற்காலி வேண்டிய வீடாக இருந்தால் இந்த யோசனை உதவாது. கேட் உள்பக்கம் திறப்பதால் படியில் இடிக்கும், கீலை மாற்றாமல் முடியாது.

நவம்பர் 3
சிலாப்களில் தூக்குவதற்கு வைத்த இரும்பு வளையங்கள் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு. செருப்பு நுனி சரியாக உள்ளே போகிற அளவு. மடக்கினால் மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி நிமிர்த்துவார்கள், தூர் வார. வளையத்தைச் சுற்றிக் குழி விட்டு அதற்குள் படுக்கவைப்பதுதான் முறை, வார்க்கும்போதே செய்திருக்க வேண்டும். இப்போதைக்கு மாமி நடக்கிற வரிசையில் மட்டும் சிமெண்ட் கலவையால் சரிவாக மெழுகலாம். மேஸ்திரி நாளைக்கு வருகிறாராம், மழை விட்டால்.