வில்லுக்கு மரம் தேடிய கதை

மரவில் செய்ய ஆசைப்படுகிற பலரையும் போல நானும் யூ என்ற ஊசியிலை மரத்தில்தான் ஆரம்பித்தேன். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவிற்கள் யூ மரத்தில் செய்தவை. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் அகப்பட்ட ஐயாயிரம் ஆண்டுப் பழைய மனிதன் ஓட்ஸி வைத்திருந்த, பாதி செதுக்கிய வில்லும் அதே மரம். இதையெல்லாம் படித்துவிட்டால் வேறு மரம் கண்ணில் படுமா?

வில்லை இழுக்கும்போது எய்பவரைப் பார்த்த வயிற்றுப்புறம் நசுங்கும். இலக்கைப் பார்த்த முதுகுப்புறம் இழுபடும். யூவின் செம்பழுப்பு வைரம், அதாவது கெட்டியான உள்மரம், நசுங்கலைத் தாங்கும்; அதன்மேல் பட்டையை ஒட்டி இருக்கும் வெளுத்த வெளிறு இழுவையைத் தாங்கும். ஒரே கட்டையில் இரண்டும் இருப்பதால்தான் அதற்கு அத்தனை மவுசு. பல வாரம் அலைந்து ஒருவரிடம் ஆறடிக் கட்டை சொல்லி வரவழைத்தேன். பிரித்துப் பார்த்தால், வெளிறை ஒட்டச் சீவித் தள்ளிவிட்டு, வைரத்தை மட்டும் பளபளவென்று இழைத்து அனுப்பியிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மரவேலைக்காரர்கள் வெளிறைக் கழித்துத்தான் வாங்குவார்கள். "வில்லுக்கு வேண்டும்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும்.

மரத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவதை அதோடு விட்டேன். வில்லுக்கு ஆகிற மரங்கள் பெரும்பாலும் வேறு ஏதோ வேலையில்தான் இருக்கின்றன. வட அமெரிக்காவின் ஓசேஜ் ஆரஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'வில்மரம்' என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் அங்கே விவசாயிகள் அதை நட்டது உயிர்வேலிக்காக. முள்கம்பி வந்த பிறகு அதுவே வேலிக்கம்பம் ஆனது. மண்ணில் எளிதில் மக்காது. அதனால் அங்குள்ள வில்காரர்கள் பழைய வேலியைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஓடுவார்கள். லாபர்னம் பூவுக்காக வளர்க்கிற தோட்ட மரம். தென் அமெரிக்காவின் ஈப்பே, மழையிலும் வெயிலிலும் கிடக்கிற டெக், அதாவது வீட்டுக்கு வெளியே போடும் மரத்தளத்தின் பலகை.

எனக்கு அகப்பட்டது ஈப்பேதான். ஒரு டெக் வேலையில் மிஞ்சிய நீளப்பலகை. உண்மையான ஈப்பேதானா என்று ஒரு சில்லைத் தண்ணீரில் போட்டேன்; கல் மாதிரி அடிக்குப் போனது. இழைத்தபோது மஞ்சள் தூள் பறந்து தும்மல் நிற்கவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவினால் நுரை சிவப்பாக வந்தது. வெட்டுப்பட்டுவிட்டதோ என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தத் தூளில் இருக்கும் லபச்சோல் என்ற மஞ்சள் பொருள், சோப்பின் காரம் பட்டால் சிவக்குமாம். அன்று முதல் முகமூடி இல்லாமல் அரத்தைத் தொடுவதில்லை. யூவுக்கும் இது பொருந்தும், அது நச்சு மரம்.

ஈப்பே வயிற்றுக்கு முதுகாக மூங்கில் பட்டையை ஒட்டுவது வழக்கம். பழைய தமிழ் இலக்கணம் மூங்கிலை மரம் என்றே ஒப்புக்கொள்ளாது: வெளியே வைரம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். மூங்கிலின் வெளிப்புறம் ஏன் வில்முதுகுக்கு ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமாக ஒரு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, மூங்கில் ஒட்டுகிற வரை போனால்தானே! மெல்லியதாக இழைத்து வளைத்துப் பார்த்த அன்றே பலகை படீரென்று போய்விட்டது. மேலே ரேகை நேராகத்தான் தெரிந்தது. பக்கவாட்டில் ஓரடிக்குள்ளேயே நார் வெளியே ஓடியிருந்ததை நான் பார்க்கவில்லை. வேறு பலகை வெளிநாட்டிலிருந்து வாங்கலாம் என்றால், ஈப்பே 2024 நவம்பர் 25 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு வில்லுக்காக அவ்வளவு தூரம் போக மனமில்லை.

கடைசியில் கைகொடுத்தது வெட்டிப் போட்டிருந்த ஒரு மல்பெரி, அதாவது முசுக்கட்டை. ஓசேஜ் ஆரஞ்சும் இதுவும் ஒரே குடும்பம் என்று படித்திருந்ததால்தான் நின்று பார்த்தேன். பட்டையின் கோடுகள் சுற்றிக்கொண்டு போனால் உள்ளே மரமும் முறுக்கியிருக்கும்; இது நேராக இருந்தது. வெட்டுவாய் இரண்டிலும் அன்றே பசை பூசினேன், இல்லாவிட்டால் ஓரத்திலிருந்து வெடிக்கும். ரம்பம் நாரை அறுத்துவிடும் என்பதால் ஆப்பு அடித்துப் பிளந்தேன். உள்ளே பளிச்சென்ற மஞ்சள்.

முதுகுப்புறம் முழுக்க ஒரே ஆண்டு வளையம் வரும்படி சீவ வேண்டும். இதைக் கண்ணைவிடக் காது நன்றாகச் செய்கிறது. வசந்தத்தில் வளர்ந்த துளைமரம் கத்திக்குக் கீழே நறநறக்கும். கோடையில் வளர்ந்த கெட்டி மரம் வந்ததும் சத்தம் அடங்கி வழுக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். கணு வந்த இடத்தில் வளையமும் மேடாக ஏறும், கத்தியும் கூடவே ஏறி இறங்க வேண்டும். ஒரு முதுகுக்கு இரண்டு நாள் ஆனது.

அப்புறம் காய வைப்பது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துச் சுவரில் எழுதி வைத்தேன். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குத்தான் பொறுமை இல்லை. நிற்பதற்கு முன்பே நாண் ஏற்றிவிட்டேன். வில் முறியவில்லை, 26 அங்குல இழுப்பில் 38 பவுண்டு விசை காட்டுகிறது. ஆனால் நாணைக் கழற்றினாலும் ஒன்றரை அங்குலம் வளைந்தே நிற்கிறது. பிளந்ததில் மற்றப் பாதி சுவரோரம் சாய்ந்திருக்கிறது. போன வாரம் பத்து கிராம் குறைந்தது.