காட்பாடியில் புதிய பலகை விளையாட்டுகள்

புதிய பலகை விளையாட்டு ஒன்றை விதிப் புத்தகத்தை மட்டும் படித்துக் கற்பது கடினம். ஆடத் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து ஆடினால்தான் அதன் சுவை புரியும். வேலூரில் அப்படியொரு கூடுகை நடக்கிறது என்று நண்பர் சொன்னதும் திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டேன். போளூர், கண்ணமங்கலம் வழியாகச் செல்லும் பேருந்தில் வேலூரை அடைந்து, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடியில் உள்ள திருமண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மணமேடையில் விளையாட்டுப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. பந்தி மேசைகளின் மேல் பலகைகள் விரிந்திருந்தன. பெட்டிகளுக்குள் இருந்த விதிப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தாலும், மேசைக்கு ஒருவர் நின்று தமிழில் விளக்கியதால், பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் தயக்கமின்றி உட்கார முடிந்தது.

நான் அதிக நேரம் செலவிட்டது ‘பேண்டமிக்’ மேசையில். மேட் லீகாக் வடிவமைத்து 2008இல் வெளியான இந்த விளையாட்டில், ஆடுபவர்கள் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை. உலக வரைபடத்தில் 48 நகரங்களுக்கிடையே பரவும் நான்கு நோய்களுக்கு எல்லோரும் சேர்ந்து மருந்து கண்டுபிடிக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, “அப்போ ஜெயிச்சாலும் தோத்தாலும் எல்லாரும் ஒண்ணாத்தானா, தம்பி?” என்று வியந்தார். “ஆமாங்க சார், ஆட்டம்தான் நம்ம எதிரி” என்றார் விளக்கிய இளைஞர்.

எங்களுடன் இரண்டு செவிலியர் கல்லூரி மாணவிகள் ஆடினார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி பெரும் மருத்துவமனையாக வளர்ந்த ஊர் என்பதாலோ என்னவோ, அந்த மேசையில் பேச்சு மிகுந்த அக்கறையோடு நடந்தது. வரைபடத்தில் சென்னையும் உண்டு. ஒரு நகரத்தில் நோயைக் குறிக்கும் ஒரே நிறக் கட்டைகள் மூன்று இருக்கும்போது நான்காவது வந்தால், அங்கே தொற்று வெடித்து, இணைந்துள்ள நகரங்களுக்கெல்லாம் பாயும்; சென்னையில் வெடித்தால் மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா ஆகிய ஐந்துக்கும் நோய் போகும். மருத்துவர் பாத்திரம் ஏற்ற மாணவி சென்னைக்கு உடனே போக வேண்டும் என்றார். மற்றவரோ, இப்போது சிகிச்சைக்கு ஓடினால் மருந்துக்கான அட்டைகளைச் சேர்க்க நேரம் போதாது என்றார். இருவர் சொன்னதும் சரியே. அந்த இழுபறிதான் இவ்விளையாட்டின் உயிர் என்று நினைக்கிறேன். மூன்று மருந்துகள் கிடைத்த நிலையில் அட்டைகள் தீர்ந்து, நாங்கள் நால்வரும் தோற்றோம். ஆசிரியர் மறு ஆட்டத்துக்கு உடனே அட்டைகளைக் கலைக்கத் தொடங்கிவிட்டார்.

கூட்டாக ஆடும் விளையாட்டில், விவரம் அறிந்த ஒருவரே மற்றவர்களின் முறைக்கும் சேர்த்து முடிவெடுத்துவிடும் ஆபத்து உண்டு. விளக்கிய இளைஞர், கேட்டால் ஒழிய வாய் திறக்காமல் நின்றது எனக்கு மிகவும் பிடித்தது.

மதியம் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் கிடைத்தன. எண்ணெய்க் கையோடு யாரும் அட்டைகளைத் தொடாதபடி, வாசலில் சோப்பும் துண்டும் வைத்து ஒருவர் காவலுக்கே நின்றார்; ஓர் அட்டையில் கறை படிந்தாலும் பின்பக்கத்தை வைத்தே அதை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால் அது தேவையான கண்டிப்புதான்.

பிற்பகலில் ‘கார்கசோன்’. 72 ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தி, நகரங்களையும் சாலைகளையும் வளர்க்கும் ஆட்டம் இது. மதில் சூழ்ந்த பிரெஞ்சு நகரம் ஒன்றின் பெயரைக் கொண்டது. அகழியும் கருங்கல் மதிலும் கொண்ட கோட்டையைத் தினமும் பார்க்கும் வேலூர்ப் பிள்ளைகள், மதிலை மூடி முடிக்கும் மகிழ்ச்சியைச் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். வயல்களுக்கு மதிப்பெண் கணக்கிடும் சிக்கலான விதியை முதல் ஆட்டத்தில் விட்டுவிட்டது நல்ல முடிவு.

‘அசூல்’ அதைவிட எளிது: ஐந்து நிறங்களில் நூறு வில்லைகள், படிக்க எழுத்தே இல்லை. மொழி தெரியாதவருக்கும் முதலில் தர வேண்டிய பெட்டி இதுதான். 1995இல் வந்து புகழ்பெற்ற ‘கட்டான்’ மேசையில் கூட்டம் அதிகம் என்பதால் வேடிக்கை பார்த்ததோடு சரி.

மாலையில், பேரனுடன் அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி ஒருவர் அட்டையொன்றில் ஆடுபுலிக் கோடுகளை வரைந்தார். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரு தரப்புக்கும் எண்ணிக்கையும் வேறு, நோக்கமும் வேறு. புலி தாண்டி வெட்டும், ஆடுகள் சூழ்ந்து அடைக்கும். காலையிலிருந்து மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த இளைஞர்கள் இப்போது தாங்கள் மாணவர்களாகச் சுற்றி உட்கார்ந்தார்கள். “அவசரப்பட்டு நடுவுல வைக்காத கண்ணு, பின்னாடி காலியா இருந்தா புலி தாண்டிடும்” என்று அவர் ஒவ்வோர் ஆட்டுக்கும் சொல்லிக்கொடுத்தார். அடுத்த கூடுகையில் ஆடுபுலிக்குத் தனி மேசையும், விளக்குவதற்கு அந்தப் பாட்டியும் வேண்டும் என்று கருத்துத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பினேன்.