ஆடு தொடாத எருக்கு

எருக்கை ஒழித்துக்கட்டப் போனவள் நான். அதன் பயன்களைப் பற்றி நானே உட்கார்ந்து எழுதுவேன் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால், பதில் பேசாமல் கையில் இருந்த மண்வெட்டியைக் காட்டியிருப்பேன்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேய்ச்சல் தரை இருக்கிறது. 12 ஆடுகள், ஒரு பசு, அதன் கன்று. அந்த ஆண்டு கோடையில் தரையைச் சுற்றிவந்து எண்ணிப் பார்த்தேன். 63 எருக்கம்புதர்கள். புல்லை வேர்வரை கரம்பித் தின்னும் ஆடுகள், பச்சை எருக்கு இலையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. மற்றதெல்லாம் வாய்க்குப் போக, இது மட்டும் சாம்பல் பூசியது போன்ற இலைகளோடு இடுப்பளவு, தோளளவு என்று வளர்ந்து நிற்கிறது. ஒரு தரையில் எருக்கு பெருகுகிறது என்றால் பழியை அதன் மேல் போட முடியாது. தரை தாங்கும் அளவுக்கு மேல் ஆட்டை விட்டவர்தான் காரணம். அந்தப் புள்ளி நான்தான் என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபம் ஒன்றுதான்.

‘உன் வீட்டில் எருக்கு முளைக்க’ என்று சபிப்பார்கள் அல்லவா, ஆள் போன மனையில் முதலில் தலைகாட்டுவது இது என்பதால் வந்த சாபம் அது. என் தரைக்கு அந்தச் சாபம் பலித்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு வெட்ட இறங்கினேன்.

வெட்டினால் போதாது என்பது முதல் பாடம். தரைமட்டத்தில் அறுத்துவிட்ட புதர் ஒரு மாதத்துக்குள் நாலு கிளையாகத் துளிர்த்தது. ஆணிவேர் வெகு ஆழம் இறங்குகிறது; கோடையிலும் இலை வாடாமல் நிற்பதன் இரகசியம் அதுதான். அடிக்கட்டையோடும் வேரின் தடித்த மேற்பகுதியோடும் தோண்டி எடுத்தால்தான் அடங்கும். ஆகவே கடப்பாரையோடு போனேன். நடுப்பகல், வியர்வை, ஒடித்த கொம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பால். புறங்கையால் நெற்றியைத் துடைத்தேன். துடைத்த கை கண்ணையும் தொட்டுவிட்டுப் போனது.

எரியவில்லை. அதுதான் வினை. சற்று உறுத்தியது, இரண்டு கை தண்ணீரை அடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். மாலையில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. மறுநாள் விடிந்ததும் வலது கண்ணுக்கு எதிரே ஈரத் துணியைத் தொங்கவிட்டது போல் இருந்தது. வெளிச்சம் கூசியது. வலி மட்டும் இல்லை.

கண் மருத்துவர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். என்ன பட்டது என்று கேட்டார். எருக்கம்பால் என்றதும், “வலிக்கவில்லையே என்று இருந்துவிட்டீர்களா?” என்றார். அந்தப் பாலுக்கு மரத்துப்போகச் செய்யும் குணமும் உண்டாம். கருவிழி வீங்கிப் பார்வை மங்கும்போதுகூட வலி தெரியாமல் இருக்கலாம். கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக இருக்கும் அணுக்களை அது தாக்குகிறது. அவை அழிந்தால் மறுபடி வளர்வதில்லை. சொட்டு மருந்தில் எனக்கு இரண்டு வாரத்தில் பார்வை தெளிந்தது. எல்லோருக்கும் அப்படித் தெளியும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். பால் கண்ணில் பட்டால் அந்த நொடியே சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரமாவது விட்டுக் கழுவ வேண்டும், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். வலி இல்லை என்பதை ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பதிவில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பத்தியைப் படித்துவிட்டால் போதும்.

கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு வாரத்தில்தான் என் மாமியார் வாய் திறந்தார். “ஏம்மா, அதோடு ஏன் மல்லுக்கு நிற்கிறாய்? முழுவதையும் பிடுங்காதே. வேலை வாங்கத் தெரிந்தால் அதைப்போல வேலை செய்கிற செடி கிடையாது.” இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை அத்தை என்று கேட்டேன். “நீ கேட்கவில்லை” என்றார்.

முதல் வேலை என் குதிகாலுக்கு. காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணியில் மிதித்தது போல் குத்தும். பத்து அடி நடந்தால் தணியும். அத்தை ஒரு செங்கல்லை அடுப்பில் சுட வைத்தார். எருக்கின் பழுத்த மஞ்சள் இலை நாலைந்தைப் பொறுக்கி வரச் சொன்னார். பச்சை இலை கூடாது, அதில் பால் அதிகம். கல்லை இடுக்கியால் எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அடி இலை ‘சுர்’ரென்று சுருங்கி, வேகவைத்த கீரையும் ஈரத் தோலும் கலந்தது போன்ற ஒரு வாடை எழுந்தது. குதிகாலை அதில் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, சூடு பொறுக்கிற அளவுக்கு வந்ததும் அழுத்தி நிறுத்தச் சொன்னார். இலை காய்ந்து கருகத் தொடங்கினால் புது இலை. கல் ஆறும்வரை ஒரு கால், மறுபடி சுட்டு மறு கால்.

பத்து நாள் செய்தேன். குத்தல் பாதிக்கு மேல் குறைந்தது உண்மை. ஆனால் அது எருக்கின் வேலையா, சூட்டின் வேலையா என்று கேட்டால், சூட்டுக்குத்தான் பெரும் பங்கு கொடுப்பேன். தடித்த, ஈரமான இலை, கல்லின் சூட்டை மெல்லமெல்லக் காலுக்குக் கடத்துகிறது. துணியை வைத்தால் ஒன்று தீய்ந்துவிடும், இல்லையென்றால் சூடே வராது. அத்தையிடம் இதைச் சொன்னபோது, “வலி போயிற்றா, இல்லையா?” என்று முடித்துவிட்டார். நீரிழிவு இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைச் செய்யவே கூடாது. கால் வெந்தால்கூட அவர்களுக்குத் தெரியாது. மூட்டு வீக்கத்துக்கும் இதே போல் இலையில் ஆமணக்கெண்ணெய் தடவி, தணலில் வாட்டி, வெதுவெதுப்பாக வைத்துக் கட்டுவது உண்டு. அத்தையின் முழங்காலுக்கு அதைத்தான் கட்டுகிறேன். இரவு முழுக்க வைக்காமல் ஒரு மணி நேரத்தில் அவிழ்த்துவிடுவேன். ஒருமுறை மறந்துவிட்டதில் தோல் சிவந்து கொப்புளம் கிளம்பியது.

முள் கதை சுருக்கமானது. கன்றைப் பிடிக்க ஓடியபோது உள்ளங்காலில் ஒரு கருவேல முள் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. ஊசிக்கும் அகப்படவில்லை. குத்துவாயில் ஒரே ஒரு துளி எருக்கம்பால், குச்சி முனையால் தொட்டு வைத்தேன். மறுநாள் அந்த இடத்துத் தோல் வெளுத்து இளகியிருந்தது. முள்ளின் தலை தெரிந்தது. ஊக்கால் நெம்பி எடுத்தேன். பாலில் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் இருக்கின்றன. தோல் பதனிடுகிறவர்கள் மயிரை நீக்க இதைப் பயன்படுத்தியதும் அந்தக் குணத்துக்காகத்தான். மயிரையே கழற்றுகிற பால் நல்ல தோலை என்ன செய்யும் என்று யோசித்துக்கொண்டு தொடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது நார். முதல்முறை நானாகவே, எல்லா நாரும் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்து, தண்டுகளைக் கட்டித் தொட்டியில் போட்டேன். ஒரு வாரத்தில் நாற்றம் தாங்கவில்லை, நாரும் இழுத்த இழுப்புக்கு அறுந்தது. அத்தை சிரித்துவிட்டு வேறு வழி காட்டினார். கிளைக்காமல் நேராக வளர்ந்த, விரல் தடிமன் உள்ள கொம்புகளை வெட்டி, இலையைக் கழித்து, இரண்டு நாள் வெயிலில் போட வேண்டும். பால் உறைந்து, பட்டை தளர்ந்துவிடும். கட்டையால் லேசாகத் தட்டி, நுனியில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் பட்டை நாடாவாக உரிந்து வரும். அதன் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். பச்சைத் தோலுக்கு அடியில் வெள்ளை வெளேரென்று, பட்டு நூல் மினுக்கத்தில் இழைகள். வெளித்தோலைச் சுரண்டிவிட்டு இழைகளை விரலால் பிரித்து, தொடையில் வைத்து உருட்டித் திரிக்க வேண்டும்.

இருபது கொம்புக்கு எனக்கு மூன்று முழக் கயிறு தேறியது. ஒரு பிற்பகல் முழுக்கப் போன உழைப்புக்கு இது லாபமா என்று கேட்காதீர்கள். ஆனால் அந்தக் கயிறு! பென்சில் பருமன்கூட இல்லை. கன்றின் கழுத்தில் கட்டி இரண்டு மழைக்காலம் ஆகிறது, இற்றுப்போகவில்லை. நனைந்தாலும் வலு குறையாது என்பதால்தான் மீன்வலைக்கும் தூண்டிலுக்கும் வில்லின் நாணுக்கும் இந்த நாரை முன்பு தேடியிருக்கிறார்கள்.

பஞ்சில் எனக்குத் தோல்விதான். காய் முற்றி வெடித்தால் விதைக்கு விதை ஒரு வெண்பட்டுக் குஞ்சம். தலையணை ஒன்றுக்கு ஆகும் என்று ஒரு சாக்கு காய் பறித்துவந்து கூடத்தில் பிரித்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். கணவரின் மீசையில் இருந்தும் கடிகாரத்துக்குப் பின்னால் இருந்தும் ஒரு மாதம் வரை பஞ்சு கிடைத்துக்கொண்டே இருந்தது. நூற்கவும் பார்த்தேன், இழை குட்டை, வழவழப்பு, முறுக்கில் நிற்காமல் நழுவுகிறது. பருத்தியோடு கலந்தால்தான் நூலாகும். எஞ்சியதை அடைத்து உள்ளங்கை அகலத்தில் ஊசி குத்தி வைக்கும் திண்டு ஒன்று செய்தேன். ஆஸ்திரேலியாவின் வடக்கு மேய்ச்சல் நிலங்களில் எருக்கின் இன்னோர் இனம் பெருங்களையாகப் பரவியிருக்கிறது. ஒட்டகச் சேணத்துக்குள் அடைத்த பஞ்சோடு விதையும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள். என் கூடத்தைப் பார்த்த பிறகு நான் அதை அப்படியே நம்புகிறேன்.

தோட்டத்துக்கு இரண்டு விதத்தில் ஆகிறது. வெட்டிய தழையை நீர் கட்டிய வயலில் போட்டு மிதித்தால் சீக்கிரம் மட்கி உரமாகிவிடும். வேம்பு, நொச்சி இலைகளோடு சேர்த்து இடித்துக் கோமியத்தில் ஊறவைத்து, வடிகட்டி, பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்தால் இலை தின்னும் பூச்சிகள் சற்று ஒதுங்குகின்றன. ஒதுங்குகின்றன என்றுதான் சொல்கிறேன், சாகின்றன என்று சொல்லவில்லை.

உள்ளுக்குச் சாப்பிடுவது பற்றிக் கேட்டு எனக்கு வேண்டியவர்கள் பலர் எழுதிவிட்டார்கள். இளைப்புக்குப் பூ, வாந்தி வருவிக்க வேர்ப்பட்டை என்று வைத்திய முறைகளில் இருப்பது மெய். அது படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் சுத்தி செய்து, அளந்து கொடுக்கிற சரக்கு. இந்தச் செடியில் இதயத்தின் துடிப்பையே குலைக்கும் நஞ்சு இருக்கிறது. பழைய கதைகளில் எருக்கம்பால் வருகிற இடத்திலெல்லாம் ஒரு சாவும் கூடவே வரும். நான் ஓர் இதழைக்கூட வாயில் வைத்ததில்லை. பாம்புக்கடிக்கு இலையை அரைத்துக் கொடுப்பதாகச் சொல்பவர்களிடம் வாதம் வேண்டாம், வண்டியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

சங்கப் புலவர் ஒருவர் எருக்கம்பூவை நல்லதிலும் சேராத, தீயதிலும் சேராத பூ என்று வைத்தார். பள்ளியில் படித்தபோது இதில் என்ன பெரிய சங்கதி என்று தோன்றியது. கண்ணையும் குதிகாலையும் ஒரே செடியிடம் கொடுத்துப் பார்த்த பிறகு, அவர் அதைத் தொட்டுப் பழகியவர் என்றே தோன்றுகிறது.

ஆடுகளைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பச்சையைத் தொடாத அதே ஆடுகள், பழுத்து உதிர்ந்து சருகான எருக்கு இலையைக் கொறிப்பதை இந்தக் கோடையில் பார்த்தேன். பதறிப்போய் விரட்டினேன். பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் அந்த ஆஸ்திரேலியக் களையைத்தான் வெட்டி உலர்த்தி, மற்றத் தீவனத்தோடு கலந்து ஆடுகளுக்குப் போடுகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உலர்ந்தால் நஞ்சு குறைகிறது. நானாக எடுத்துப் போடும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை, தாமாகக் கொறிப்பதை இப்போது விரட்டுவதும் இல்லை.

இப்போது ஆடுகளை எட்டாகக் குறைத்து, தரையை மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கிறேன். வேலியோரம் ஒன்பது எருக்கு மட்டும் விட்டிருக்கிறேன். நேற்று அதில் ஒன்றின் இலையைத் திருப்பினேன். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக, இலை நரம்பைக் கடித்து, பாலை வடியவிட்டுவிட்டு, அதற்கு அப்பால் உட்கார்ந்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. பூக்காம்பில் ஒரு கருவண்டு தொங்கியது, காலில் எருக்கின் மகரந்தக் கட்டி மஞ்சளாக ஒட்டியிருந்தது. பத்தாவது செடி ஒன்று தொழுவத்து மூலையில் இரண்டு இலை விட்டிருக்கிறது. காலையில் கடப்பாரையோடு போக வேண்டும். கண்ணாடியையும் கையுறையையும் அத்தை இப்போதே வாசலில் எடுத்து வைத்துவிட்டார்.