ஜமாபந்தியும் ஓர் அடங்கல் வரியும்

வருவாய்த் துறையில் ஆண்டு ஜனவரியிலும் பிறப்பதில்லை, சித்திரையிலும் பிறப்பதில்லை. ஜூலை 1இல் பிறந்து ஜூன் 30இல் முடியும் பசலிதான் எங்கள் ஆண்டு. சென்னை மாகாணத்தில் முன்பு ஆடி முதல் நாளில் தொடங்கிய அந்தக் கணக்கை ஆங்கிலேய அரசு ஜூலை 1க்கு நகர்த்தியது. ஆனாலும் ஆடிப் பட்டத்து விதைப்போடு புதுக் கணக்கு திறக்கும் வழக்கம் பெரிதாக மாறிவிடவில்லை. நான் கிராம நிர்வாக அலுவலராகப் பொறுப்பேற்றது 1407ஆம் பசலியில், ஆங்கிலக் கணக்கில் 1997இல்.

நாங்கள் எழுதும் கணக்குகளின் வேர் இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமான பாரமகாலில் இருக்கிறது. 1792இல் அங்கே அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் தொடங்கிய முறையே பிறகு ரயத்துவாரி என்று நிலைத்தது. ஜமீன்தாரை இடையில் வைக்காமல், ஒவ்வொரு குடியானவரிடமும் அவர் அந்த ஆண்டு வைத்திருக்கும் நிலத்துக்குத் தீர்வையை அரசே முடிவு செய்தது. அந்த ஆண்டு முடிவுக்குப் பெயர்தான் ஜமாபந்தி. குடிகளைக் காப்பதற்காக மட்டும் இந்த ஏற்பாடு வந்தது என்று நான் நினைக்கவில்லை. தீர்வை வசூலுக்காகக் குடிகளைக் கிட்டி போட்டு (கட்டைகளுக்கிடையே விரல்களை நசுக்கி) வதைத்ததையும், அண்ணந்தாள் போட்டு (உடலை வளைத்துக் கட்டி) வதைத்ததையும் அரசே அமைத்த விசாரணைக் குழு 1855இல் பதிவு செய்திருக்கிறது. பட்டா அன்று முதன்மையாக வரி கட்டுவதற்கான சீட்டு. அது நாளடைவில் உரிமைச் சான்றாக மக்கள் மனத்தில் ஊன்றியது.

பசலி முழுவதும் நடக்கும் வேலையில் முதன்மையானது இரண்டாம் எண் கணக்கான அடங்கல். எந்தப் புல எண்ணில் யார், என்ன பயிர், எவ்வளவு பரப்பில், எந்த நீர்ப்பாசனத்தில் வைத்திருக்கிறார் என்பதை வயலில் நின்று பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. கிராமத்தின் நிலையான நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் மண்ணின் வகையைக் குறிக்கும் வயனமும் ரகமும், தரம், தீர்வை எல்லாம் நில அளவைக் காலத்திலேயே எழுதி முடிக்கப்பட்டவை. அவை எளிதில் அசைவதில்லை. ஆண்டுதோறும் அசைவது அடங்கல்தான்.

மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். சில கிராமங்கள் சேர்ந்த பிரிவான பிர்க்காவுக்கு ஒரு நாள். முந்தைய இரவு தூங்காமல் கூட்டல் சரிபார்த்து, கணக்குகளைச் சிவப்புத் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவோம். வெளியே நில அளவைச் சங்கிலிகளை நீட்டி வைத்து அளவு சரிபார்ப்பார்கள். ஒரு வளையம் நெளிந்திருந்தாலும் கேள்வி வரும். உள்ளே ஜமாபந்தி அலுவலர் ஒவ்வொரு கணக்கையும் புரட்டிக் கையெழுத்திட்டதும் அந்தப் பசலி மூடப்பட்டுவிடும். அதன்பின் ஒரு சொல்லை மாற்றவும் மேலதிகாரியின் ஆணை வேண்டும்.

புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கும் அதே நாட்களில் கணக்கு உண்டு. 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி பசலிதோறும் விதிக்கப்படும் பி மெமோ என்ற ஆக்கிரமிப்பு அறிவிப்புக்கான தொகை மிகச் சிறியது. ஆனால் அதைக் கட்டிய ரசீதுகளை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாலிதீன் பையில் சுற்றிப் பரணில் வைத்திருந்த முதியவர்களை நான் அறிவேன். அரசு அதைத் தண்டமாக விதித்தது. தாங்கள் அங்கே வாழ்ந்ததற்கு அவர்களிடம் இருந்த ஒரே எழுத்துச் சான்றும் அதுதான். அந்த ரசீதை எழுதும்போது கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும் என்று நான் கவனம் எடுத்துக்கொண்டதற்கு அவர்களே காரணம்.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நான் ஒரு தவறு செய்தேன். கிராமத்தின் மேற்கோரத்தில், ஓடை தாண்டிப் போக வேண்டிய சில புல எண்களுக்கு, நேரில் போகாமல் முந்தைய பசலியைப் பார்த்துத் 'தரிசு' என்று எழுதிவிட்டேன். ஜமாபந்தியில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சில வாரம் கழித்து, கருகிப்போன மானாவாரிப் பயிருக்கான நிவாரணப் பட்டியல் ஒட்டப்பட்டது. அன்று மாலை கணவரை இழந்த ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு ஏக்கரில் நிலக்கடலை விதைத்திருந்தார். பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே இருந்ததால், பயிரிட்டது அவர்தான் என்பதற்கு அடங்கல் தவிர வேறு ஆதாரம் கிடையாது. அவர் சண்டை போடவில்லை. “நான் வெதச்சது ஊருக்கே தெரியும். உங்க நோட்டுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சுங்கய்யா?” என்று மட்டும் கேட்டார்.

வட்டாட்சியரிடம் போய் என் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டேன். விசாரணை நடந்து, அக்கம்பக்கத்துக் குடிகள் வாக்குமூலம் கொடுத்து, திருத்த ஆணை வந்தபோது நிவாரணத் தொகை வழங்கி முடிந்திருந்தது. அடங்கல் திருந்தியது, அவருக்குப் பணம் கிடைக்கவில்லை. விதைக்கு வாங்கிய கடனை அவர் ஆடு விற்று அடைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த பசலியில் ஆடி மழை பெய்து, அவர் மறுபடியும் கடலை போட்டார். முளை விட்ட வாரம் அடங்கலை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனேன். வரப்பில் உட்கார்ந்து, உட்பிரிவு எண்ணைப் புலப்படத்தில் சரிபார்த்து, பயிர் என்ற கலத்தில் 'நிலக்கடலை' என்று எழுதி, பயிரிடுபவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த எழுத்துகள் தன் பெயர் என்று கேட்டார்; காட்டினேன். விரலை அதன்மேல் வைக்காமல், சற்று மேலேயே நிறுத்திப் பார்த்துவிட்டுக் களை பறிக்கப் போனார்.