மடக்கை எடுக்கும் அவசரம்

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் போன வாரம் 2^க > 4க என்ற அசமன்பாட்டோடு வந்தான் (தெரியாத எண்ணை இங்கே க என்றே எழுதுகிறேன்). அடுக்கில் மாறியைக் கண்டதும் இருபுறமும் மடக்கை (log) எடுத்திருந்தான். ஒரு பக்கம் முழுக்க எழுதிய பின்பும் மாறி ஒருபுறம் வெளியேயும் மறுபுறம் மடக்கைக்கு உள்ளேயுமாகச் சிக்கி, பிரிய மறுத்தது.

உண்மையான தவறு முதல் வரியிலேயே நடந்திருந்தது. க குறை எண்ணாகவோ பூச்சியமாகவோ இருந்தால் 4க-வுக்கு மடக்கையே கிடையாது. ஆனால் அங்கெல்லாம் இடப்பக்கம் மிகை எண், வலப்பக்கம் அப்படியல்ல என்பதால், அசமன்பாடு பார்த்தவுடனே உண்மையாகிறது. மடக்கை எடுத்த கையோடு எண்கோட்டின் இடப்பாதி முழுவதும் விடையிலிருந்து தொலைந்துவிட்டது.

2^க-வை வளைவரையாகவும் 4க-வை நேர்கோடாகவும் வரைந்து, வடிவத்தை முதலில் பார்க்கச் சொன்னேன். 2^க-வின் இரண்டாம் வகைக்கெழு எங்கும் மிகை, அதாவது வளைவரை எங்கும் மேல்நோக்கியே வளைகிறது. அத்தகைய வளைவரையை ஒரு நேர்கோடு இரண்டு இடங்களுக்கு மேல் வெட்ட முடியாது. க = 4 எனில் இருபுறமும் 16, ஆகவே ஒரு வெட்டுப்புள்ளி கிடைத்துவிட்டது. பூச்சியத்தில் வளைவரை மேலே, 1-இல் கோடு மேலே. மற்றொன்று அவற்றுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும். 2^க-வை 4-ஆல் வகுத்து, வருவதையே மறுபடி க-வாக இட்டுக்கொண்டே போனால் 1, 0.5, 0.3536, 0.3194, 0.3120 என்று இறங்கி 0.3099-க்கு அருகில் நிலைக்கிறது. ஆகவே க ஏறத்தாழ 0.3099-ஐவிடக் குறைவு, அல்லது 4-ஐவிட அதிகம்.

இதே உத்தி 4-ஐத் தராது என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. 3.9-இல் தொடங்கினால் 3.73, 3.32 என்று சரிகிறது, 4.1-இல் தொடங்கினால் 4.29, 4.88 என்று ஓடிப்போகிறது. 4-இன் அருகே ஒவ்வொரு சுற்றிலும் பிழை ஏறத்தாழ 2.77 மடங்காகப் பெருகுவதும், சிறிய மூலத்தின் (0.3099-இன்) அருகே ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குவதுமே காரணம். சிறிய மூலத்தைத் துல்லியமாக எழுத, மாறி அடுக்கிலும் வெளியிலும் வரும் சமன்பாடுகளைத் தீர்க்கும் லாம்பர்ட் சார்பு வேண்டும். தேர்வுக்கு அது தேவையில்லை.

4க-வில் 4-க்குப் பதில் சிறிய எண்ணை இட்டால் என்ன ஆகும் என்று அவனே கேட்டான். அந்த எண் 2 எனில் கோடு க = 1-இலும் க = 2-இலும் வெட்டுகிறது. அந்த எண் ஏறத்தாழ 1.884 எனில் கோடு தொடுகோடாகி ஒரே இடத்தில் உரசுகிறது. அதற்கும் கீழே போனால் வெட்டுவதே இல்லை. அவன் 1.8-ஐ எடுத்துக்கொண்டு, உரசும் இடத்துக்கு அருகிலுள்ள க = 1.44 என்று கால்குலேட்டரில் போட்டான்: வளைவரை 2.713, கோடு 2.592. மயிரிழையில் தப்பியது என்றான்.