வருஷா வருஷம் ஏசிக்கு கேஸ் அடிக்கிறவங்களுக்கு

எங்க நைனா 2006ல வாங்குன சின்ன கார் இது, 2021ல ஆர்சி முடிஞ்சப்ப சொந்தக்காரங்க எல்லாரும் வித்துடு வித்துடுன்னாங்க, நான் கேக்கல, அஞ்சு வருஷத்துக்கு ரின்யூ பண்ணி வச்சிக்கினேன். இன்ஜின் இன்னும் நல்லாதான் இருக்கு. குடியாத்தத்துல இருந்து வேலூர் சிஎம்சிக்கு மாசம் ரெண்டு தரம் அம்மாவ செக்கப்புக்கு கூட்டிக்கினு போறது இதுலதான். ஏசி மட்டும் மூணு வருஷம் என்ன அலையவுட்டுச்சு.

2022 சித்திரையில கூலிங் சுத்தமா வரல. ஒரு ஏசி கடைல கேஜ் (கேஸோட பிரஷர் காட்டுற முள்ளு மீட்டர்) மாட்டி பாத்துட்டு, கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சா சரியாயிடும்னாங்க, அரைமணி நேரத்துல அடிச்சி குடுத்தாங்க, ரெண்டாயிரம் சொச்சம் ஆச்சு. ஜில்லுன்னுதான் வந்துச்சு. 2023லயும் அதே வேலை, அதே காசு. 2024ல அடிச்சது ரெண்டு மாசம் கூட தாங்கல. அந்த கத்திரி வெயில்ல ஒரு நாள் மத்தியானம் திரும்பி வரும்போது அம்மா ஈர டவல கழுத்துல போட்டுக்கினு கண்ண மூடிக்கினே வந்தாங்க, "ஜன்னலையாவது தொறந்து வுடுப்பா"ன்னாங்க, தொறந்தா அடுப்புல இருந்து வர்ற மாதிரி காத்து. நம்ம ஊர் வெயில் பத்தி தெரிஞ்சவங்களுக்கு நான் தனியா சொல்ல வேணாம், நாப்பது டிகிரிக்கு மேல போற நாளுங்கள்ல வயசானவங்கள கார்ல உக்கார வச்சி கூட்டிக்கினு போறது சாதாரண விஷயம் இல்ல. அன்னிக்குதான் இதுக்கு ஒரு வழி பண்ணியே ஆகணும்னு முடிவு பண்ணேன்.

ஃபிரண்டு ஒருத்தர் சொல்லி கொணவட்டம் பக்கம் கார் ஏசி வேலை பாக்கற ஒரு பாய் கிட்ட போனேன். அவர் கேஜ கையிலயே எடுக்கல. "எத்தன வருஷமா கேஸ் அடிக்கிற தம்பி?"ன்னு கேட்டார். மூணு வருஷமா பாய்னேன். "வூட்டு ஃபிரிட்ஜுக்கு வருஷா வருஷம் அடிக்கிறியா?"ன்னார். எனக்கு அந்த ஒரு கேள்வியிலயே எல்லாம் புரிஞ்சிடுச்சு. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகுற பொருள் இல்ல, மூடுன பைப்புக்குள்ள சுத்தி சுத்தி வர்றது. கார்ல கம்ப்ரசர, அதாவது கேஸ அழுத்தி தள்ளுற பம்ப, பெல்ட் சுத்துது, இன்ஜின் ஆடுது, ரப்பர் ஹோஸ் இருக்கு, அதனால பல வருஷத்துல கொஞ்சம் கசியும், அது இயற்கை. ஆனா ஒரே வருஷத்துல காலியாவுதுன்னா எங்கயோ ஓட்டை இருக்கு. அத அடைக்காம மேல மேல அடிக்கிறது ஓட்ட குடத்துல தண்ணி புடிக்கிற கதைதான்.

பாய் டார்ச் அடிச்சி பைப்ப ஒன்னொன்னா விரலால தடவிக்கினே போனார். கண்டென்சர்னா முன்னாடி ரேடியேட்டர் மாதிரி இருக்கும், கேஸோட சூட்ட வெளிய தள்ளுறது, அதோட பைப் ஜாயிண்ட் ஒன்னு, பம்பருக்கு பின்னாடி கீழ இருக்கறது, மத்த எடம் எல்லாம் வெறும் காஞ்ச தூசி, அந்த ஒரு எடத்துல மட்டும் கருப்பா பிசுபிசுன்னு அப்பிக்கினு இருந்துச்சு. கம்ப்ரசர் ஆயிலும் கேஸோடவே சேந்து சுத்துதாம், கேஸ் வெளிய போயிடும், ஆயில் அங்கயே தங்கி தூசிய புடிச்சிக்கும். அப்புறம் ஷாம்பு தண்ணிய பிரஷ்ல தடவுனார். கொஞ்ச நேரம் ஒன்னும் தெரியல. அப்புறம் கடுகு சைசுல ஒரு நுரை வந்துச்சு, மெதுவா பெருசாகி உடைஞ்சுது, திரும்ப அதே எடத்துல இன்னொன்னு. ஜாயிண்ட கழட்டி உள்ள இருந்த ஓ-ரிங்க, கசியாம அடைக்கிற ரப்பர் வளையத்த, காட்டுனார், தட்டையா போயி பிளாஸ்டிக் மாதிரி வெறச்சிக்கினு இருந்துச்சு, நகத்துல அழுத்துனா ரெண்டா உடையுது. சில பத்து ரூபா பொருளு.

அதுக்கப்புறம் செஞ்ச வேலைதான் முக்கியம், நெறைய எடத்துல இத விட்டுடறாங்க. மிச்சம் இருந்த கேஸ காத்துல விடாம மெஷின்ல இழுத்துக்கினார், நம்ம கார் ஏசில இருக்கற இந்த ஆர்134ஏ கேஸ் கார்பன் டை ஆக்சைட விட ஆயிரம் மடங்குக்கு மேல பூமிய சூடாக்கும். ஜாயிண்ட் எல்லாத்துக்கும் 134ஏக்கு ஒத்து வர்ற புது ஓ-ரிங், புது ரிசீவர் டிரையர். சிஸ்டத்த தொறந்தா ஈரம் உள்ள போகும், அத உறிஞ்சற மருந்து டிரையருக்குள்ளதான் இருக்கு, பழசு ஏற்கனவே ஊறிப்போயிருக்கும். நைட்ரஜன் ஏத்தி பிரஷர் நிக்குதான்னு பாத்தாரு, அப்புறம் முக்கால் மணி நேரம் வேக்கம், அதாவது பம்ப் வச்சி உள்ள இருக்கற காத்த உறிஞ்சி எடுக்கறது. வேக்கம் போட்டாதான் உள்ள இருக்கற ஈரம் ஆவியாகி வெளிய வரும், இல்லன்னா எக்ஸ்பான்ஷன் வால்வுல, கூலிங் காயிலுக்கு முன்னாடி இருக்கற அந்த சின்ன துவாரத்துல, ஐஸா கட்டி அடைக்கும், ஆயிலோட சேந்து ஆசிடாகி உள்ளயே அரிக்கும். கடைசியா பேனட் ஸ்டிக்கர்ல போட்டிருக்கற கிராம் கணக்குக்கு எடை வச்சி கேஸ். ஜாஸ்தி அடிச்சா ஜாஸ்தி கூலிங் வரும்னு நெனைக்காதீங்க, அதிகமானா பிரஷர் ஏறி கூலிங் கொறையும், கம்ப்ரசரும் கெடும். தொண்ணூறுகள் நடுவுக்கு முந்தின கார் வச்சிருக்கறவங்களோடது ஆர்12ன்ற பழைய கேஸ் சிஸ்டமா இருக்கலாம், அதுக்கு ஆயிலே வேற, ரெண்டையும் கலக்கவே கூடாது.

இவ்ளோ பண்ணியும் ஒரு குறை இருந்துச்சு. பள்ளிகொண்டா தாண்டி ஹைவேல போறப்ப அருமையா இருக்கும், சிஎம்சி முன்னாடி டிராஃபிக்ல நின்னா சூடா வரும். இத நல்லா ஞாபகம் வச்சிக்கோங்க, ஓடும்போது ஜில்லு நின்னா சூடுன்னா முதல்ல கண்டென்சர் ஃபேன பாருங்க. ஏசி ஆன் பண்ணி பேனட்ட தொறந்தா ஃபேன் சுத்தணும். எங்களுது சில நேரம் சுத்துச்சு, சில நேரம் சும்மா நின்னுச்சு, மோட்டார்ல கார்பன் பிரஷ் தேஞ்சிருந்துச்சு. மோட்டார மாத்துனதும் சரியாயிடுச்சு.

இப்ப நான் வூட்டுல செய்யறது கொஞ்சம்தான். பாலாத்து மணல் லாரிங்க பின்னாடி போயி போயி கண்டென்சர்ல மண்ணு அடைக்குது, மாசம் ஒரு தரம் தோட்டத்து பைப்புல மெதுவா தண்ணி வுடறேன், வாட்டர் சர்வீஸ் கன்னால அடிச்சா அந்த மெல்லிசு தகடு எல்லாம் மடிஞ்சிடும். வூடு வர்றதுக்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடியே ஏசிய ஆஃப் பண்ணி பிளோவர் மட்டும் ஓட வுடறேன், கூலிங் காயில் காஞ்சிடும், அந்த ஊசிப்போன வாட வராது. ஏசி ஓடும்போது காருக்கு அடியில தண்ணி சொட்டுனா சந்தோஷப்படுங்க, சொட்டாம முன் சீட்டு மேட் நனைஞ்சா டிரெயின் டியூப் அடைச்சிருக்கு. அப்புறம் மார்கழி குளிர்ல கூட வாரம் ஒரு தரம் பத்து நிமிஷம் ஏசி போடுங்க, மாசக்கணக்கா ஓட்டாம வச்சா கம்ப்ரசர் சீல் காஞ்சி அங்கயே கசிய ஆரம்பிக்கும். சித்திரைல மட்டும் சுவிட்ச தொடற ஆளுங்களுக்குதான் சித்திரைல செலவு வருது.

கூலிங் காயில் மட்டும் இன்னும் 2006ல வந்ததுதான், அது போச்சுன்னா டேஷ்போர்ட மொத்தமா கழட்டணும், ஒரு நாள் முழுக்க வேலைன்னு பாய் முன்னாடியே சொல்லிட்டார். அதனால அடுத்த கத்திரிக்கு முன்னாடியே ஒரு தரம் கேஜ் மாட்டி பாத்துடலாம்னு போனேன், மத்தியான வெயில்லயே. முள்ளு போன வருஷம் நின்ன அதே எடத்துல நின்னுச்சு. பாய் கேஜ கழட்டி மூடிய நல்லா திருவி மாட்டிட்டு, "ஒன்னும் அடிக்க வேணாம், எடுத்துக்கினு போ தம்பி"ன்னார்.