ஓட்டிலிருந்து முடிவுக்கு எத்தனை படி?

தில்லிக்கு எம்.ஏ. படிக்க வந்த முதல் பருவத்திலேயே செமினாருக்குப் புதுச்சேரிப் பக்கம் இருக்கும் அரிக்கமேட்டை எடுத்தேன். கல்லூரிச் சுற்றுலாவில் நேரில் பார்த்த இடம். ரோமாபுரி வணிகம், யவனர், மிளகு, பொன் என்று இருபது நிமிடம் தாராளமாகப் பேசலாம் என்பது என் கணக்கு. பேசவும் பேசினேன். முடித்ததும் மேடம் கேட்டது ஒரே கேள்வி: "நீ சொன்ன ரௌலட்டட் ஓடு எந்த மண்ணடுக்கில் கிடைத்தது?"

ரௌலட்டட் என்பது பல்சக்கரம் உருட்டிக் கோலம் பதித்த மட்கலம். அதன் ஓடு எந்த அடுக்கில் என்று எனக்குத் தெரியவில்லை. ஓடு கிடைத்தது தெரியும், கிடைத்ததில் பெருமையும் உண்டு. அடுக்கு என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது நாகர்கோவிலைச் சேர்ந்த சீனியர் அக்கா சொன்னார்: "தம்பி, நீ பேப்பர் எழுதலடா. மேடைப்பேச்சு எழுதிருக்க."

வரலாற்றுத் தொல்லியல் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் அவ்வப்போது கேட்பதால், அந்த அடியிலிருந்து நான் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் வரலாற்றுத் தொல்லியல் என்றால் பெரும்பாலும் ஐரோப்பியர் குடியேறிய பிறகான காலம். நம்மூரில் எழுத்துச் சான்று தொடங்கும் காலத்திலிருந்தே, அதாவது அசோகன், தமிழ் பிராமி, சங்கப் பாட்டு எல்லாம் சேர்ந்த காலத்திலிருந்தே, அந்தப் பெயர் புழங்குகிறது. ஆய்வுக் கட்டுரை தேடும்போது இது தெரியாமல் வர்ஜீனியா தோட்டப் பண்ணைகளைப் பற்றி நான் இரண்டு நாள் படித்தேன். வீணாய்ப் போகவில்லை, ஆனால் செமினாருக்கு ஆகவில்லை.

சரி, அரிக்கமேடு. அக்கா என்னை நூலகத்துக்கு இழுத்துப் போய் அங்கே அகழ்ந்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் வீலரின் அறிக்கையைக் கையில் கொடுத்தார். 1945இல் தோண்டியது, 1946இல் தொல்லியல் துறையின் இதழில் வந்தது. "முடிவுரையைப் படிக்காதே. வெட்டுமுகப் படத்தைப் பார். குழியின் சுவரில் எந்த அடுக்குக்கு மேல் எது கிடக்கிறது என்று பார்த்த பிறகு எழுத்தைப் படி" என்றார். எனக்குக் கிடைத்த பாடங்களில் இதை மிஞ்சியது இல்லை.

அப்படிப் படித்தபோதுதான் வீலர் எப்படிக் காலம் கணித்தார் என்பது தெரிந்தது. இத்தாலியில் செய்த அரிட்டைன் என்ற சிவப்பு மட்கலம் கி.பி. 50 வாக்கில் வழக்கொழிந்தது என்பது அவர் பிடித்த நூல்முனை. அது கிடந்த அரிக்கமேட்டு அடுக்குக்கு அதனால் ஒரு வயது வருகிறது. அதோடு ரௌலட்டட் ஓடு கிடந்ததால் அதற்கும் அதே வயது. அதே ஓடு கர்நாடகத்துப் பிரம்மகிரியிலும் சந்திரவல்லியிலும் 1947இல் கிடைத்தது, ஆகவே அங்கேயும் அதே காலம். பிரம்மகிரியில் அந்த அடுக்குக்குக் கீழே பெருங்கற்காலத்து (பெரிய கற்களால் ஈமச்சின்னம் எழுப்பிய காலத்து) அடுக்கு இருந்ததால், அது சற்று முந்தையது. அதை அவர் கி.மு. 200 வாக்கில் தொடங்கிவைத்தார்.

எண்ணிப் பாருங்கள், நான்கைந்து படி. இத்தாலியில் ஒரு சட்டி, இங்கே தென்னிந்தியப் பெருங்கற்காலம். எந்தப் படி ஆடினாலும் அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஆடும். ஆடவும் செய்தது. 1983இல் தொல்லியலாளர் விமலா பெக்லி அந்தப் பழைய அறிக்கையையே திரும்ப அலசி, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, ரௌலட்டட் ஓடு அரிட்டைனுக்கு மூத்தது என்று வாதிட்டார். பிறகு 1989 முதல் 1992 வரை அங்கேயே தோண்டியும் பார்த்தார். பெருங்கற்காலமோ, கரியை வைத்து வயது பார்க்கும் கரிமக் கணக்கு வந்ததும் கி.மு. 1000 வரை பின்னால் போய்விட்டது. வீலர் முட்டாள் இல்லை. தன் படிகளை வெளிப்படையாக எழுதிவைத்தார், அதனால்தான் எது ஆடுகிறது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க முடிந்தது. நான் என் பேப்பரில் ஒரு படியும் எழுதவில்லை. நேரே மொட்டை மாடியில் நின்றேன்.

இந்த நோய் தமிழர்களான நமக்கு மட்டும்தான் என்று நினைத்துக் கொஞ்ச நாள் கூனிக்குறுகினேன். அப்புறம் தில்லியின் பழைய கோட்டையான புராணா கிலாவுக்குப் போனேன். தொல்லியலாளர் பி. பி. லால் 1954-55லும், பிறகு 1969 முதல் 1973 வரையிலும் தோண்டிய மேடு அது. மௌரியர் முதல் முகலாயர் வரை ஊர்மேல் ஊராக அங்கே படிந்து கிடக்கிறது. அதைப் பாண்டவரின் இந்திரப்பிரஸ்தம் என்று சொல்பவர்கள் காட்டுவது வண்ணம் தீட்டிய சாம்பல் நிற ஓடுகளை. ஓடு கிடைத்தது உண்மை. ஆனால் அந்த ஓட்டுக்கு உரிய தனி மண்ணடுக்கு லாலுக்குச் சிக்கவில்லை. வகுப்பில் ஒரு வடநாட்டு நண்பன் இதைப் பற்றிப் பேசியபோது மேடம் அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டார். எந்த அடுக்கு? எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம், ஒளிப்பானேன்.

கீழடி பற்றிப் பேசப் போகிறவர்களுக்கும் இதே பயிற்சி வேண்டும். கி.மு. 580 என்பது 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரிக்கு வந்த காலம். எழுத்து கீறிய ஓட்டுக்கு அந்த வயதைக் கொடுக்க வேண்டுமானால், ஓடு எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் என்று சொல்லியாக வேண்டும். இதைச் சொன்னால் நம்மாட்களே முறைப்பார்கள். முறைக்கட்டும். செமினாரில் கேட்கப் போகிறவர்கள் உங்கள் மாமா சித்தப்பா இல்லை.

இரண்டாவது பருவத்தில் தலைப்பைச் சிறிதாக்கினேன். ஜன்பத் பக்கம் தேசிய அருங்காட்சியக வாசலில் அசோகனின் கட்டளைகள் பொறித்த குஜராத்துக் கிர்நார் பாறையின் நகல் ஒன்று நிற்கிறது. உள்ளே போகும் அவசரத்தில் யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளையில் 'சோடா பாடா ஸதியபுதோ கேதலபுதோ' என்று தெற்கத்தியர் பட்டியல் வருகிறது. சோழர், பாண்டியர், கேரளர் சரி, யார் அந்த ஸதியபுதோ? வெகு காலம் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி', அதாவது அஞ்சி கொடுத்த உறைவிடம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் பெயரோடு அசோகனின் சொல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முதன்முறை படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் இந்தமுறை படிகளை எண்ணினேன். அசோகன் கி.மு. 3ஆம் நூற்றாண்டு. ஜம்பைக் கல்வெட்டுக்குக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் எழுத்தமைதி பார்த்துக் கொடுத்தது கி.பி. 1ஆம் நூற்றாண்டு வாக்கில். இடையில் முந்நூறு ஆண்டு. அந்தப் பட்டப்பெயர் அத்தனை தலைமுறையாக அதியர் குடியில் புழங்கியதா, அல்லது பின்னால் வந்தவன் பழம்பெருமைக்காக எடுத்துச் சூட்டிக்கொண்டானா? ஸதியபுதோ அதியரே என்பது வலுவான படி. அந்த இடைவெளி தளர்ந்த படி. பேப்பரில் இரண்டையும் தனித்தனியே எழுதினேன். மேடம் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. "இடைவெளியில் அதியர் ஊர்களில் தோண்டியது என்ன இருக்கிறது என்று பார்" என்று மட்டும் சொன்னார். என் ஆய்வுத் தலைப்பு அந்த வாக்கியத்திலிருந்து வந்ததுதான்.

அறிக்கை தேடுவதற்கு: மாணவர்கள் ஐஏஆர் என்று சொல்லும் தொல்லியல் துறையின் ஆண்டுத் தொகுப்பு 1953-54 முதல் இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கிறது. ஒரு ஊருக்கு அரைப் பக்கம்தான் இருக்கும், ஆனால் முழு அறிக்கை வராத ஊர்களுக்கு அதுதான் கதி. தொல்லியல் துறையின் மைய நூலகம் இப்போது திலக் மார்க்கில். அடையாள அட்டையும், துறையிலிருந்து ஒரு கடிதமும் கொண்டுபோய்விடுங்கள், வாசலில் நின்று பேசும் நேரம் மிச்சம்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான நெட் தேர்வைப் பற்றிக் கேட்பார்கள். தொல்லியலுக்குத் தனித் தாள் உண்டு, எண் 67. வரலாறு 06. பொதுத் தாளும் பாடத் தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறுக்குக் கழிவு இல்லை. ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், தில்லியில் அறை வாடகை கொடுத்து வாழ அது இல்லாமல் கஷ்டம். அதற்குப் படிப்பதும் செமினாருக்குப் படிப்பதும் வேறு வேறு வேலை. முன்னதற்கு ஊர், ஆண்டு, தோண்டியவர் பெயர் மனப்பாடம். அதைக் காலையிலேயே முடித்துவிடுவேன், மூளை தேவைப்படாத நேரம்.

மொழி எனக்குப் பெரிய மலையாக இருந்தது, தமிழ் வழியில் படித்தவன். ஒரு வழி கண்டுபிடித்தேன். செமினாருக்கு முந்தைய இரவு, தில்லி முனீர்க்காவில் என் அறையில் கூட இருந்த பொறியியல் நண்பனிடம் மொத்த வாதத்தையும் தமிழில் சொல்வேன். அவனுக்கு ஓடும் தெரியாது, அடுக்கும் தெரியாது. எங்கே அவன் "இரு, அது எப்படி?" என்று கேட்கிறானோ, அங்கே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அதை நிரப்பிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால், இலக்கணம் தடுமாறினாலும் வாதம் நிற்கும்.

கிர்நார் நகலைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே உள்ளே சிந்துவெளிக் கூடத்தையும் பார்த்துவிடுங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை. நான் இரண்டு முறை போய்த் திரும்பியிருக்கிறேன்.